தோற்றே ஜெயித்த ஸ்டோர்ஸ் ஆபீசர்

ஒவ்வொரு ஆபீஸிலும் இரண்டு வகை ஆசாமிகள் உண்டு. ஒருவர் ஆர்டர் பிடித்துக்கொண்டு வருகிறவர். டை, பிரீஃப்கேஸ் சகிதம் நடப்பார். மேனேஜர் தோளில் தட்டிக்கொடுப்பார். வருஷக் கடைசியில் கேடயம் இவருக்குத்தான். இன்னொருவர் பின்பக்கம் கோடவுனில் உட்கார்ந்து சாக்கு எண்ணுகிறவர். ‘‘ஆணி இருக்கா சார்?’’ ‘‘இருக்கு... மொதல்ல வவுச்சர் கொண்டா!’’ குரூப் போட்டோவில்கூட இவருக்குப் பாதித் தலைதான் விழும்.

அப்படி ஒரு கோடவுன் ஆசாமிதான் அமெரிக்க சுதந்திரப் போரில், கையை விட்டுப் போய்விட்ட தென்பகுதியை மீட்டுக் கொடுத்தார். அதுவும் எப்படி? தான் நேரில் நின்று நடத்திய பெரிய சண்டைகளில் ஒன்றைக்கூட சுத்தமாக ஜெயிக்காமல்!

பெயர் நதானியேல் கிரீன். அமெரிக்கா என்றால் நமக்கு வாஷிங்டன் தெரியும், ஜூலை 4 தெரியும். இவரைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

முன்கதைச் சுருக்கம்: 1775-இல் போர் ஆரம்பம். 1776-இல் 13 காலனிகளும் ‘இனி நாங்கள் சுதந்திரம்’ என்று அறிவித்துவிட்டன. அறிவித்தால் ஆச்சா? சண்டை வடக்கே இழுத்துக்கொண்டே போனது. 1777-இல் சரடோகா என்ற இடத்தில் ஒரு பிரிட்டிஷ் படை மொத்தமாகச் சரணடைய, ‘அட, இவங்க தேறுவாங்க போலிருக்கே’ என்று 1778-இல் பிரான்ஸ் கை கொடுத்தது.

லண்டனில் யோசித்தார்கள். வடக்கே வேலைக்காகவில்லை, தெற்கே போவோம். ஜார்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா... அங்கே நெல் விளைகிறது, அவுரி விளைகிறது. முக்கியமாக, ‘ராஜாவே கதி’ என்றிருக்கும் விசுவாசிகள் அங்கே ஏராளம். நாம் போய் இறங்கினால் போதும், அவர்களே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று கணக்கு.

கணக்கு ஆரம்பத்தில் பிரமாதமாக வேலை செய்தது. 1778 டிசம்பரில் சவானா விழுந்தது. 1780 மே 12-ந் தேதி சார்ல்ஸ்டன் துறைமுகம். ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் சுமார் 5,000 வீரர்களோடு சரண். அமெரிக்கத் தரப்புக்கு அந்தப் போரிலேயே பெரிய சரணாகதி அதுதான். ‘கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வரலாம்’ என்ற வழக்கமான மரியாதையைக்கூட பிரிட்டிஷார் தரவில்லை. ‘சுருட்டிக் கட்டிக்கொண்டு வா’ என்றுவிட்டார்கள். இந்தச் சின்ன அவமானத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வட்டியோடு வருகிறது.

பிரிட்டிஷ் தளபதி கிளின்டன் திருப்தியாக நியூயார்க் திரும்பினார். கிளம்புமுன் ஒரு காரியம் செய்தார். ‘சண்டை வேண்டாம்’ என்று வீட்டோடு இருந்தவர்களையும் ‘சும்மா இருந்தால் போதாது, எங்கள் பக்கம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரி’ என்று அறிவித்தார். ஒதுங்கியிருந்த பலர் ‘அப்படியா சங்கதி?’ என்று பரண் மேலிருந்த துப்பாக்கியை இறக்கினார்கள்.

மிச்ச வேலையை அவர் ஒப்படைத்துவிட்டுப் போன ஆள் நமக்குப் பழக்கமானவர். பள்ளிக்கூட சரித்திரப் புத்தகத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் என்று உருப்போட்டோமே... அதே காரன்வாலிஸ் பிரபு!

அவரைச் சமாளிக்க அமெரிக்க காங்கிரஸ் அனுப்பியது, சரடோகா ஹீரோ ஜெனரல் கேட்ஸை. கேடயம் வாங்கிய டைப். 1780 ஆகஸ்ட் 16, காம்டன். முந்தின ராத்திரி வீரர்களுக்குத் தர ரம் இல்லை. பதிலாக கரும்புப் பாகைக் கொடுத்தார்கள். விளைவு, ராத்திரி பூரா வரிசையை விட்டு புதருக்கு ஓட்டம். காலையில் எதிரியைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம். எல்லோருக்கும் முன்னால் குதிரையில் போனவர் கேட்ஸ். மூன்றரை நாளில் 180 மைல்! ஐம்பது வயசைத் தாண்டியவருக்கு இது சாதனைதான் என்று அமெரிக்காவிலேயே கிண்டலடித்தார்கள்.

தெற்கே அமெரிக்கப் படை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அப்போதுதான் வாஷிங்டன் கோடவுன் பக்கம் திரும்பினார்.

* * *

கிரீன் 1742-இல் ரோட் தீவில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்புப் பட்டறை. கப்பலுக்கு நங்கூரம் அடித்துக் கொடுக்கும் குடும்பம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவு. ஆயுதம் தொடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பையனோ ராணுவப் புத்தகங்களாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்துமா வேறு, ஒரு கால் தாங்கல். ஊரில் ஒரு தொண்டர் படை ஆரம்பித்தபோது, ‘நொண்டி நடக்கிறவர் ஆபீசராக இருந்தால் அணிவகுப்பு பார்க்க நன்றாயிருக்காது’ என்று சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து வரிசையில் நின்றார். அடுத்த வருஷமே ரோட் தீவு அவரை ஜெனரல் ஆக்கியது தனிக் கதை.

1778-இல் வாஷிங்டன் இவரிடம் கொடுத்த வேலை குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல். வண்டி, குதிரை, கூடாரம், கயிறு, மண்வெட்டி. இவருக்கு அழாத குறை. ‘சரித்திரத்தில் எவனாவது குவார்ட்டர் மாஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறானா?’ என்று கடிதத்தில் புலம்பினார். புலம்பிக்கொண்டே இரண்டு வருஷம் வேலையை ஒழுங்காகச் செய்தார். ஒரு படை எத்தனை நாள் எதைத் தின்னும், எந்த ஆற்றில் எப்போது தண்ணீர் ஏறும், மாட்டு வண்டி ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

1780 டிசம்பர் 2-ந் தேதி சார்லட் என்ற ஊரில் போய்ச் சார்ஜ் எடுத்தார். பேப்பரில் சுமார் 2,300 பேர். எண்ணிப் பார்த்தால் சுமார் 1,500. அதிலும் ஒழுங்கான துணியும் ஆயுதமும் உள்ளவர்கள் 800கூட இல்லை. கையிருப்பு சாப்பாடு மூன்று நாளைக்கு.

வேறு யாராவது என்றால் முதல் உத்தரவு ‘தாக்கு’ என்று இருக்கும். கிரீன் முதலில் அனுப்பியது ஆறு அளக்கும் ஆட்களை! டான், யாட்கின், கடாபா என்று வழியில் உள்ள ஆறுகளில் எங்கே ஆழம், எங்கே இறங்கிக் கடக்கலாம், எத்தனை படகு கிடைக்கும் என்று ரிப்போர்ட் கேட்டார். ‘இந்தாளு சண்டை போட வந்தாரா, சர்வே எடுக்க வந்தாரா?’ என்று சிப்பாய்கள் நினைத்திருக்கலாம்.

அடுத்து, எந்த ராணுவப் புத்தகமும் ஒப்புக்கொள்ளாத காரியம். தன்னைவிட பலசாலி எதிரே நிற்கும்போது, இருந்த கொஞ்சம் படையையும் இரண்டாகப் பிரித்தார். காரணம் கோடவுன்காரக் காரணம்தான்: இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்திலும் சாப்பாடு கிடைக்கும்! எதிரியும் எந்தப் பக்கம் போவது என்று முழிப்பான்.

* * *

ஒரு பாதிக்குத் தலைவர் டேனியல் மார்கன். முன்னாள் வண்டிக்காரர். இளவயசில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வண்டி ஓட்டியபோது ஒரு ஆபீசரை அடித்துவிட்டார். தண்டனை 500 சவுக்கடி. ‘எண்ணினவன் ஒண்ணை விட்டுட்டான். 499தான் விழுந்தது. ராஜா எனக்கு இன்னும் ஒரு அடி பாக்கி’ என்று முதுகைக் காட்டிச் சிரிப்பார்.

1781 ஜனவரி 17, கௌபென்ஸ் என்ற மாட்டு மந்தைவெளி. எதிரே வருகிறவர் டார்ல்டன். 26 வயசு, குதிரைப்படைச் சூரர். மார்கனிடம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஊர்க்காவல் விவசாயிகள். பிரிட்டிஷ் துப்பாக்கி ஈட்டியைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. மார்கன் அவர்களிடம் வீர வசனம் பேசவில்லை. ‘இரண்டே ரவுண்டு சுடுங்கடா, அப்புறம் பின்னால் போய்விடலாம்’ என்றார். அதாவது ஓடுவதையே திட்டத்தில் சேர்த்துவிட்டார்! அவர்கள் சுட்டார்கள், திரும்பினார்கள். ‘ஆஹா, ஓடுகிறான்’ என்று டார்ல்டன் ஆட்கள் தலைதெறிக்க வர, மேட்டுக்குப் பின்னால் நிஜமான ராணுவமும் குதிரைப்படையும் காத்திருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 100 பேருக்கு மேல் சாவு, 500 பேருக்கு மேல் கைது.

காரன்வாலிஸுக்கு ரத்தம் கொதித்தது. மார்கனையும் கிரீனையும் துரத்திப் பிடிக்க வேண்டும், வேகம் போதவில்லை. எட்டு நாள் கழித்து ராம்சர்ஸ் மில் என்ற இடத்தில் பெரிய நெருப்பு மூட்டினார். கூடாரங்கள், சாமான் வண்டிகள், உபரி உடுப்பு... தன் சொந்தப் பெட்டி படுக்கையை முதலில் போட்டார். ரம் பீப்பாய்களையும் விடவில்லை. சிப்பாய்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! வெடிமருந்து, உப்பு, மருந்து, காயம்பட்டவர்கள் ஆகியவற்றுக்கான வண்டிகள் மட்டும் மிச்சம்.

இந்தச் செய்தி கிரீனுக்கு வந்தது. சொந்தக் கோடவுனுக்குத் தானே தீ வைத்தவன் தன் ஊரை விட்டு எவ்வளவு தூரம் வருகிறானோ அவ்வளவு நல்லது என்று புரிந்துவிட்டது. வா ராசா, வா என்று வடக்கே பின்வாங்க ஆரம்பித்தார். குளிர், மழை, செருப்பில்லாத கால்கள். ஒவ்வொரு ஆற்றையும் கிரீன் முதலில் கடப்பார். காரன்வாலிஸ் வருவதற்குள் வெள்ளம் ஏறியிருக்கும், படகு மறைந்திருக்கும். பிப்ரவரி 14-ந் தேதி டான் ஆற்றங்கரை. படகுகள் முன்கூட்டியே வரிசையாகத் தயார். கடைசி ஆள்வரை அக்கரை போய்ச் சேர்ந்தாகிவிட்டது. காரன்வாலிஸ் இக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு ஒன்றுகூட இல்லை, பின்னால் 200 மைலுக்கு மேல் வந்த வழி, சாமான் சாம்பல்.

ஓடினவரா ஜெயித்தவர், துரத்தினவரா?

* * *

ஒரு மாசத்தில் ஆள் சேர்த்துக்கொண்டு கிரீன் திரும்பி வந்தார். மார்ச் 15, கில்ஃபோர்ட் கோர்ட்ஹவுஸ். கிரீனிடம் 4,400 பேர், காரன்வாலிஸிடம் 1,900. சாயங்காலம் மைதானத்தில் நின்றது காரன்வாலிஸ்தான்; கிரீன் ஒழுங்காகப் பின்வாங்கிவிட்டார். ஆனால் அந்த 1,900-இல் 500 பேருக்கு மேல் செத்தோ காயம்பட்டோ விழுந்து கிடந்தார்கள். நான்கில் ஒருவருக்கு மேல்! அவர்கள் இடத்துக்கு ஆள் வரவேண்டுமானால் கடல் தாண்டித்தான் வரவேண்டும். ‘இப்படி இன்னொரு வெற்றி கிடைத்தால் நம் ராணுவம் காலி’ என்று லண்டன் பார்லிமெண்டில் சார்ல்ஸ் ஃபாக்ஸ் போட்டுத் தாக்கினார்.

ஜெயித்தவர் கடற்கரைக்குப் போய்ப் படுத்து இளைப்பாறி, பிறகு வடக்கே வர்ஜீனியாவுக்குள் போனார். கிரீன் துரத்தினாரா? இல்லை. ‘நீ போய்க்கொண்டே இரு’ என்று விட்டுவிட்டு, தெற்கே தென் கரோலினாவுக்குள் திரும்பினார்.

அங்கே ஒரு வினோதம் நடந்தது. ஏப்ரல் 25, ஹாப்கர்க்ஸ் ஹில்: கிரீன் தோல்வி. ஆனால் பதினைந்து நாளில் ஜெயித்த பிரிட்டிஷார் காம்டனைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஜூனில் நைன்டி சிக்ஸ் கோட்டை முற்றுகை: கிரீன் தோல்வி. ஜெயித்தவர்கள் கொஞ்ச நாளில் அந்தக் கோட்டையையும் காலி செய்தார்கள். காரணம் என்ன? சதுப்புக் காட்டுக்குள் ஒளிந்திருந்த ஃபிரான்சிஸ் மரியன் போன்ற கெரில்லாக்கள் சாப்பாட்டு வண்டிகளை மறித்துச் சின்னச் சின்னக் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டில் உட்கார்ந்திருக்கும் கோட்டைக்கு மாவு வராவிட்டால் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கோட்டை ரெபெக்கா மோட் என்ற அம்மாளின் சொந்த வீட்டைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ‘வீட்டுக்குத் தீ வைக்காமல் பிடிக்க முடியாதும்மா’ என்று தயங்கினார்கள். ‘தாராளமா வையுங்க’ என்றாராம் அந்த அம்மாள்.

செப்டம்பர் 8, யூட்டா ஸ்பிரிங்ஸ். இந்தத் தடவை கிரீன் ஜெயித்தேவிட்டார் என்ற நிலை. எதிரி கூடாரத்தை விட்டு ஓடுகிறான். உள்ளே புகுந்த வீரர்கள் கண்ணில் பட்டது சாப்பாடும் சாராயமும்! மாசக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள். சண்டையை மறந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரிட்டிஷார் திரும்பி வந்து அடிக்க, மறுபடி பின்வாங்கல். ஸ்டோர்ஸ் ஆபீசரின் படை, ஸ்டோர்ஸைப் பார்த்துக் கவிழ்ந்தது!

கிரீன் அசரவில்லை. ‘மோதுகிறோம், அடி வாங்குகிறோம், எழுகிறோம், மறுபடி மோதுகிறோம்’ என்று அந்த வருஷம் ஒரு கடிதத்தில் எழுதினார். அவ்வளவுதான் அவர் யுத்த சாஸ்திரம். வருஷக் கடைசியில் பிரிட்டிஷார் கையில் தெற்கே மிஞ்சியது சார்ல்ஸ்டனும் சவானாவும்தான்.

* * *

வடக்கே போன காரன்வாலிஸ்? யார்க்டவுன் என்ற கடற்கரை ஊரில் கப்பலை எதிர்பார்த்துக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். கப்பல் வந்தது, பிரெஞ்சுக் கப்பல்! செப்டம்பர் 5-ந் தேதி டி கிராஸின் கப்பற்படை பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பிக் கடல் வாசலைச் சாத்தியது. வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் வந்து தரை வாசலைச் சாத்தினார்கள். 1781 அக்டோபர் 19: 7,000-க்கும் மேற்பட்டவர்கள் சரண்.

அன்றைக்குப் பார்த்து காரன்வாலிஸ் ‘உடம்பு சரியில்லை’ என்றுவிட்டார். மெடிக்கல் லீவ்! உதவித் தளபதி ஓ’ஹாரா வாளை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் பிரெஞ்சுக்காரரிடம் நீட்ட, அவர் ‘அங்கே’ என்று வாஷிங்டனைக் காட்டினார். வாஷிங்டன், ‘உதவித் தளபதியா? அப்போ என் உதவியாளரிடம் கொடுங்கள்’ என்று ஒருவரைக் காட்டினார். அவர் யார் தெரியுமா? பெஞ்சமின் லிங்கன். சார்ல்ஸ்டனில் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாரே, அவரேதான்! பிரிட்டிஷ் கொடிகளும் அன்று சுருட்டித்தான் வந்தன. நான் சொன்ன வட்டி இதுதான்.

யார்க்டவுனில் இன்னொரு காட்சியும் உண்டு; ஓவியங்களில் அது இருக்காது. ‘எங்களிடம் வந்தால் விடுதலை’ என்று பிரிட்டிஷார் சொன்னதை நம்பி எஜமானர்களை விட்டு ஓடிவந்த கறுப்பின அடிமைகள் ஆயிரக்கணக்கில். முற்றுகையில் சாப்பாடு குறைந்ததும் காரன்வாலிஸ் அவர்களை வெளியே துரத்தினார். பலருக்கு அம்மை. காட்டில் விழுந்து செத்தார்கள்.

அமெரிக்கர்கள் மட்டும்? ஜேம்ஸ் என்ற அடிமை, காரன்வாலிஸ் முகாமில் எடுபிடியாக நுழைந்து அமெரிக்கர்களுக்கு வேவு பார்த்தார். போர் முடிந்ததும் எஜமானர் வீட்டுக்கே திரும்ப அடிமையாகப் போனார். சிப்பாயாகப் போனவர்களுக்குத்தான் சட்டப்படி விடுதலை, ஒற்றனுக்கு இல்லையாம்! மனு மேல் மனு போட்டு, 1787-இல்தான் வர்ஜீனியா சட்டசபை அவரை விடுவித்தது. கிரீனும் தென் கரோலினாவிடம் ‘கறுப்பர்களைச் சிப்பாய்களாகச் சேர்த்து விடுதலை கொடுங்கள்’ என்று எழுதிப் பார்த்தார். சட்டசபை முடியாது என்றுவிட்டது.

போருக்குச் சம்பிரதாயமாக முற்றுப்புள்ளி விழுந்தது 1783 செப்டம்பரில், பாரிஸ் ஒப்பந்தத்தோடு. அதன் கடைசிச் சண்டைகளில் ஒன்று எங்கே நடந்தது என்று யாராவது க்விஸ்ஸில் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்: நம்ம கடலூர்! பிரான்ஸும் பிரிட்டனும் இங்கேயும் மோதிக்கொண்டிருந்தன. 1783 ஜூனில் கடலூரைப் பிரிட்டிஷார் முற்றுகையிட, தரையிலும் கடலிலும் பலத்த சண்டை. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்தாயிற்று என்ற சேதி ஜூன் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. தபால் லேட்டானதால் செத்தவர்கள் எத்தனை பேரோ!

* * *

இனி பேலன்ஸ் ஷீட்.

போர் முடியும் தறுவாயில் கிரீன் படைக்குச் சட்டை இல்லை, மாவு இல்லை. காங்கிரஸிடம் காசு இல்லை. ஜான் பாங்க்ஸ் என்ற கான்ட்ராக்டர் ‘நான் சப்ளை செய்கிறேன், ஆனால் கடன்காரர்கள் ஜாமீன் கேட்கிறார்கள்’ என்றார். கிரீன் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார். 1784-இல் பாங்க்ஸ் செத்துப்போனார்; அத்தனை கடனும் கிரீன் தலையில். தெற்கு மாநிலங்கள் நன்றியாகக் கொடுத்த நிலத்தில், அதே அடிமைகளை வைத்துப் பயிர் செய்து கடனை அடைக்கப் பார்த்தார். குவேக்கர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் மனசு ஒப்பவில்லை என்பார்கள்; ஆனாலும் செய்தார். 1786 ஜூன் 19-ந் தேதி, ஜார்ஜியா வெயில் தாக்கி இறந்தார். வயசு 43. மனைவி காங்கிரஸுக்கு மனுப் போட்டு அலைந்து, 47,000 டாலர் சாங்ஷன் ஆனது 1792-இல்!

சரி, தோற்றவர்? கிரீன் செத்த அதே 1786-இல், செப்டம்பர் மாசம், காரன்வாலிஸ் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக. ஒரு கண்டத்தில் சரணடைந்தவருக்கு இன்னொரு கண்டத்தில் பிரமோஷன்! 1791-இல் திப்புவைப் பிடிக்க ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். மாடுகள் செத்து, தானியம் தீர்ந்து, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் இந்தத் தடவை அவர் கோபத்தில் எதையும் கொளுத்தவில்லை. தானியம், மாடு, வழியெல்லாம் கோட்டை என்று ஒழுங்காக ஏற்பாடு செய்துகொண்டு 1792-இல் மறுபடி வந்தார். திப்பு பாதி ராஜ்யத்தையும் இரண்டு மகன்களையும் கொடுக்க வேண்டி வந்தது. திண்டுக்கல்லும், சேலம் - தருமபுரி - கிருஷ்ணகிரி பக்கத்துப் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது அப்போதுதான். கரோலினாக் காட்டில் கிரீன் எடுத்த டியூஷனுக்கு ஃபீஸ் கட்டியது திப்பு!

சென்னைக் கோட்டை மியூசியத்துக்குப் போனால் காரன்வாலிஸ் பளிங்கில் கம்பீரமாக நிற்பதைப் பார்க்கலாம். பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. யார்க்டவுன் மெடிக்கல் லீவ் பற்றிச் சிற்பி ஒன்றும் செதுக்கவில்லை.

எனவே, உங்கள் ஆபீஸ் கோடவுனில் சாக்கு எண்ணுகிறவரைப் பார்த்தால் இனி ஒரு வணக்கம் வையுங்கள். அப்படியே, யாராவது சிரித்த முகத்தோடு வந்து, ‘‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார், ஜாமீன்ல ஒரு கையெழுத்து...’’ என்று பேனாவை நீட்டினால், கிரீனை நினைத்துக்கொண்டு டான் ஆற்றுப் பக்கமாக ஓடிவிடுங்கள். படகை மட்டும் முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்ளவும்!